அருங்காட்சியகம் பள்ளிக்கு வரட்டும்



1898ஆம் ஆண்டு, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் ரோமானியப் பொற்காசுகள் 501 கிடைத்தன. அகஸ்டஸ் காலம் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரையிலான காசுகள் அவை. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. அந்தக் காசுகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு இருந்தது. அவற்றில் பல இன்று லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ராஜா முகத்தை ஏன் வெட்டினார்கள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் காசின் படத்தைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி இதுதான். காசாக மறுபடி புழங்கக் கூடாது, தங்கமாக எடைபோட்டு மட்டுமே மாற வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்பது நாணயவியலார் சொல்லும் விளக்கங்களில் முக்கியமானது. அப்படியானால் வெட்டியது யார்? விற்க வந்த வணிகனா, வாங்கியவனா, வரி கேட்ட அரசனா? இங்கிருந்து பாடம் தானாக நடக்கும். மிளகு, முத்து, பருவக்காற்று, கப்பல் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுத வேண்டியவை அனைத்தும் அந்த ஒரு வெட்டிலிருந்து பிள்ளைகள் வாயிலேயே வந்துவிடும்.

பாடநூலில் ரோமானிய வணிகம் இருக்கிறது. அந்த வணிகத்தின் மிகப் பெரிய சாட்சிகளில் ஒன்று தங்கள் மாவட்டத்து மண்ணிலிருந்து வந்தது என்பது நம் விராலிமலைப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடநூலுக்கும் மண்ணுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியை அடைக்க வேண்டியது யார் என்பதே இந்த உரை எடுத்துக்கொள்ளும் பொருள். அருங்காட்சியகம் அதைச் செய்ய முடியும். ஆனால் ஆசிரியர் வழியாகத்தான் செய்ய முடியும்.

புதுக்கோட்டை இதில் பேறு பெற்ற ஊர். சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1910இல், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சியில் இங்கே அருங்காட்சியகம் அமைந்தது. இன்று திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் அதுதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய அரசு அருங்காட்சியகம் என்று அதைச் சொல்வார்கள். கல்வெட்டு, நாணயம், செப்புத் திருமேனி, ஓவியம், ஆயுதம், மானிடவியல் என்பதோடு நில்லாமல் விலங்கியல், தாவரவியல், நிலவியல் பிரிவுகளும் அங்கே உண்டு. நீண்ட காலம் அதன் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜாமுகமது, புதுக்கோட்டை மாவட்ட வரலாற்றைத் தமிழில் தனி நூலாகவே எழுதித் தந்தார். பொருளைக் காப்பவர் அதன் கதையையும் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் தொடங்கிய மறு ஆண்டு, 1911இல், இங்கிலாந்தின் ரெடிங் நகர அருங்காட்சியகம் ஒரு காரியம் செய்தது. தன் சேகரிப்பிலிருந்து பொருள்களை எடுத்துப் பெட்டிகளில் அடுக்கி, பக்கத்துப் பள்ளிகளுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதுபோல் ஆசிரியர் பெட்டியை எடுத்துப் போவார். பாடம் முடிந்ததும் திருப்பித் தருவார். இரண்டு உலகப் போர்களையும் தாண்டி அந்தச் சேவை இன்றும் நடக்கிறது. ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு அருங்காட்சியகங்கள்; ஒன்றின் பொருள் நூறாண்டுக்கும் மேலாக வகுப்பறைக்குள் போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த எண்ணம் எழாமல் இல்லை. கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965லேயே அறிவியல் கண்காட்சியை வண்டியில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் 2015இல் ஒரு பேருந்தையே அருங்காட்சியகமாக மாற்றித் தெருவில் இறக்கியது. பேருந்துக்குச் செலவு அதிகம். பெட்டிக்கு அவ்வளவு செலவில்லை.

இங்கே வழக்கத்தில் இருப்பது கல்விச் சுற்றுலா. அதைப் பழிப்பதற்கில்லை, பல பிள்ளைகள் ஊர் எல்லையைத் தாண்டுவதே அன்றைக்குத்தான். ஆனால் அந்த நாளில் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்து தாமதமாகப் புறப்படும். திருமயம் கோட்டையில் ஏறி இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். சாப்பாடு முடிந்து அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது ஆசிரியர் கையில் இருப்பது முக்கால் மணி நேரம், கூடவே எண்பது பிள்ளைகள். “வரிசையாப் போங்க, எதையும் தொடாதீங்க” என்பதுதான் அன்று அதிகம் சொல்லப்படும் பாடம். பதப்படுத்தி வைத்த விலங்குகளின் முன்னால் கூட்டம் நிற்கும். கல்வெட்டுப் பக்கம் கால் நிற்காது. திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு வரி கிடைக்கும்.

குறை பிள்ளையிடத்தில் இல்லை, ஆசிரியரிடத்திலும் இல்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாமல் போனால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். பள்ளிகளுக்கென்று கற்றல் சேவை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் முதலில் அழைப்பது பிள்ளைகளை அல்ல, ஆசிரியரை. அவர் தனியாக வந்து பார்க்கிறார். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று சொல்கிறார். அதற்கேற்ற மூன்று நான்கு பொருள்களை மட்டும் இருவருமாகத் தேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் வரும் நாளில் எண்ணூறு பொருளைக் கடந்து போகாமல் அந்த நான்கின் முன்னால் உட்கார்கிறார்கள். வருகைக்கு முன் ஒரு பாடவேளை, பின் ஒரு பாடவேளை. வேலை அவ்வளவுதான். ஆனால் இது நடக்க வேண்டுமானால் காப்பாட்சியரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். திருச்சி இன்னும் அருகில். அங்கே ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனாலும் அரசுப் பள்ளி ஆண்டுக்கு ஒருமுறை பேருந்து பேசினாலே பெரிது. ஆகவே ரெடிங்கில் போல அருங்காட்சியகத்தின் பெட்டி இங்கே வர வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கலாம்? மூலப் பொருள்கள் வெளியே வரத் தேவையில்லை. நல்ல அச்சுப் பிரதி போதும். முதலில் ஓர் அம்மன் காசு. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வெளியிட்ட சிறு செப்புக்காசு அது. ஒருபக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கப்பட்ட காசு; பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் நிலைத்ததற்கும் இந்தக் காசோடு தொடர்பு உண்டு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றால் எத்தனை அம்மன் காசு? முந்நூற்று இருபது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டில் போட்டுவிடும். தமிழ்நாட்டு ராஜா காசில் தெலுங்கு எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். நாயக்கர் காலத்திலிருந்து தென்னாட்டு அரண்மனைகளில் தெலுங்கு புழங்கிய கதையை ஆசிரியர் அங்கே சொல்லலாம். ஒரு காசு கணக்கு, வரலாறு, மொழி என்று மூன்று பாடவேளைக்குத் தாங்கும்.

அடுத்து ஒரு கறுப்பு–சிவப்புப் பானை ஓடு. முதுமக்கள் தாழிகளும் கல்வட்டங்களும் நிறைந்த மாவட்டம் இது. சித்தன்னவாசலுக்குப் போகும் வழியிலேயே அவற்றைப் பார்க்கலாம். ஓட்டைக் கையில் எடுத்தால் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறமும் பூசியதல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையில் சுடும்போது உள்ளே காற்றுப் புகாது, கறுக்கும். வெளியே காற்றுப் படும், சிவக்கும். இரும்புக்காலத்துக் குயவர் வேதியியலைக் கைப்பழக்கமாக வைத்திருந்தார் என்பதை அந்த ஓட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கும் பிள்ளை மறக்காது. அறிவியல் ஆசிரியரும் இந்தப் பெட்டிக்குப் பங்குக்கு வருவார்.

மூன்றாவது, மைப்படி. இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்பவர் முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்வார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்குவார். ஈரம் வற்றி வரும் பதத்தில், மை தோய்த்த துணிப் பந்தால் மேலே ஒற்றிக்கொண்டே வருவார். பள்ளத்தில் மை படாது. தாளை உரித்து விரித்தால் கறுப்பின் நடுவே எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கல்தச்சன் கை உளி எங்கே அழுத்தமாக விழுந்தது, எங்கே வழுக்கியது என்பதுகூட அதில் தெரியும்.

அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் ஓர் உண்மையைக் கண்டுபிடிப்பார்கள்: கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காவிட்டால் தமிழ் ஐயா மதிப்பெண் குறைக்கும் வகுப்பில், சோழர் காலத்து எழுத்தர் புள்ளி இல்லாமலே நாட்டை நடத்தியிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! புள்ளி எங்கே வர வேண்டும் என்று அவர்களே வைத்துப் படிக்கத் தொடங்குவார்கள். தொடக்கத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’, பிறகு அரசன் பெயர், அவன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்ற கணக்கு, அப்புறம் யார் எந்த நிலத்தை எதற்குக் கொடுத்தார் என்ற விவரம். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதிக் கல்வெட்டு புரிந்துவிடும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைக் கால வரிசையில் தொகுத்து 1929இலேயே வெளியிட்டிருக்கிறது. தன் ஊர் அதில் இருக்கிறதா என்று தேடுவது ஓர் ஆசிரியருக்கு ஒரு மாலை நேர வேலை.

இனி, பெட்டியில் அடங்காதவை. விராலிமலைக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழிகள் பிரியும் இடமாகக் ‘கொடும்பை’ என்று வரும் ஊர் அது. இன்றும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை அதன் அருகேதான் போகிறது. கண்ணகியும் கோவலனும் நடந்த காலத்துப் பாதைக் கணக்கும், இன்று சுங்கச்சாவடியைக் கடக்கும் லாரிக் கணக்கும் ஏன் ஒரே பக்கம் போகின்றன என்பது புவியியல் வகுப்புக்கு உரிய கேள்வி. அங்கே உள்ள மூவர் கோயிலை இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுத்தான். மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். கிரந்த எழுத்தில் அங்கே உள்ள கல்வெட்டு அவன் குடியின் தலைமுறைகளைச் சொல்கிறது. தன் பெயராலும் மனைவியர் கற்றளி, வரகுணா பெயராலும் மூன்று கோயில் எடுத்ததைச் சொல்கிறது. இடிந்துபோன மூன்றாவது எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். நிற்கும் இரண்டையும் அளந்து, அடித்தளத்தை அளந்து, தாளில் மூன்றாவதை எழுப்பும் பிள்ளை தொல்லியலாளர் செய்யும் அதே வேலையைச் செய்கிறது.

விராலிமலைக்கே வருவோம். முருகன் கோயிலும் மயில்களும் ஊரின் அடையாளம். முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கமும், அதற்குச் சொல்லப்படும் கருப்பமுத்துவின் கதையும் இங்கே எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் கிடைக்கும். வாய்மொழியாக வந்த கதைக்கும் கல்லில் வெட்டிய சான்றுக்கும் என்ன வேறுபாடு, இரண்டையும் எப்படி மதிப்பது என்று சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் அகப்படாது.

இந்த மண்ணின் இன்னொரு செல்வம் சதிர். விராலிமலை முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் இந்தக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர். இங்கே இறைபணி செய்த முப்பத்திரண்டு பெண்களில் ஒருவர். படியேறிப் பாடி, ஆடி, விராலிமலைக் குறவஞ்சியை நினைவில் காத்தவர். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பரதநாட்டியம் என்று உலகம் கொண்டாடும் கலைக்கு முந்தைய வடிவம் எது என்பதற்கான விடை இந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. அவரைப் பற்றிய பாடம் விருதோடு முடியக் கூடாது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஏன் சட்டத்தால் தடுக்கப்பட வேண்டியிருந்தது, அந்தக் கலையைச் சுமந்த பெண்களை ஊர் எப்படி நடத்தியது என்ற இரண்டையும் உயர்நிலை வகுப்பில் பேசியாக வேண்டும். கலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஆடியவரின் வாழ்க்கையை விட்டுவிடுவது அரைப் பாடம்.

இவ்வளவையும் ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் செய்ய முடியுமா என்ற ஐயம் எழலாம். கீழடியின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970களில் அந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த வி. பாலசுப்பிரமணியன், பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களை அலட்சியம் செய்யவில்லை. தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்துக்குத் தகவல் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது 2015இல். அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2023 மார்ச்சில். இன்று வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் அந்த இடத்துக்கு முதல் காப்பாட்சியர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று சொன்னால் அது மிகையாகாது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கி, பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கவும் படியெடுக்கவும் கற்றுக்கொடுத்தார். புதுக்கோட்டை மாவட்டத்திலும் பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. எந்த ஊர் ஏரிக்கரையில் நாளை எது கிடைக்கும் என்று யார் கண்டார்?

கிடைத்தால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் சேர வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். கிடைத்த இடத்தைத் தோண்டாதே, பொருளைக் கழுவாதே, இடத்தைக் குறித்துவை: இந்த மூன்றும் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் படியெடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழகுவதற்கு ஒரு ரூபாய் நாணயத்தின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தாலே போதும்.

பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பார்கள். அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. வட்டார வள மையம் இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பெட்டி, வள மையத்தில் ஓர் இரவல் பதிவேடு, ஆண்டுக்கு ஒருநாள் ஆசிரியருக்கு அருங்காட்சியகத்தில் பயிற்சி. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அன்று கற்பித்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் இல்லாத தொண்டர்கள். புதுக்கோட்டை நகரில் ஞானாலயா என்ற பெரிய தனியார் ஆய்வு நூலகத்தை ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் சம்பாத்தியத்தில் கட்டி எழுப்பினார்கள். கல்விக்காகக் கைப்பொருளைச் செலவிடும் மனம் இங்கே புதிதல்ல. அறக்கட்டளைகள் ஒரு பெட்டிக்கான செலவை ஏற்றால் அது பல வகுப்புகளைக் கடந்து போகும்.

இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் ஒருமுறை நீங்கள் மட்டும் திருக்கோகர்ணத்துக்குப் போய் வாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்தும் வகுப்புக்கு உதவும் மூன்று பொருள்களை மட்டும் குறித்துக்கொண்டு, காப்பாட்சியரைப் பார்த்து உங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அங்கே விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.